இன்னொரு எலுமிச்சம்பழம்

இல்ல சார், அது செய்வினை இல்ல. மொதல்ல அந்தப் பழத்த மேசை மேல வையுங்க. பாத்து, உருண்டு வுழுந்துடப் போவுது. செய்வினைன்னா ஊசி குத்தி இருக்கும். திருஷ்டின்னா நறுக்கி குங்குமம் தடவி இருக்கும். இது முழுப் பழம், மஞ்சத் துணில முடிஞ்சி கீது பாருங்க. இது காப்பு. லாரிக்கு முன்னாடி தொங்கவுடுவாங்களே, அந்த மாதிரி. உங்களுக்கு எந்த ஊரு சார்? நாகர்கோவிலா? சரி, அங்க இன்னா பண்ணுவாங்கன்னு எனுக்குத் தெரியாது.

புரியுது சார். எங்க டீம் பஸ் டிரைவரு ஒருத்தன், நான்தான், எதிர் டீமோட ரூம்ல பூந்து, அவங்க கோல் கீப்பரு, அதான் கோலி, அதோட கிளவுஸ் பையில எலுமிச்சம்பழத்தச் சொருவிகினு இருக்கறான். மேட்ச் கமிஷனரு நீங்க, கண்ணால பாத்துட்டீங்க. சாயங்காலம் மேட்ச்சு. தோத்தவங்க லீக்க வுட்டே கீழ போவணும். உங்க எடத்துல நான் இருந்தா காலரப் புடிச்சித்தான் இட்டாந்திருப்பேன். நீங்க தோள் மேல கை போட்டு இட்டாந்தீங்க, அது உங்க பெரிய மனசு. என்னை இன்னா வேணா பண்ணுங்க. கிளப் மேல மட்டும் எழுதிடாதீங்க. எழுதினா பாயிண்ட்டப் புடுங்கிடுவாங்கன்னு ஜாய்ஸ் மேடம் சொல்லிச்சி. அதான் எங்க கோச்சு. ஜன்னலாண்ட நிக்கிறாங்க பாருங்க, சேப்பு டீ-சர்ட்டு. அவங்க பாக்கற பார்வைல பால் காய்ச்சலாம். நான் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன்.

எம் பேரு சின்னையன் சார். மறைமலைநகர்ல கம்பெனி பஸ் ஓட்றேன், ஷிப்டு வண்டி. எம் பொண்ணு ரேணுகாதான் செங்கல்பட்டு டீமுக்குக் கோலி. அது நேஷனல் லீக்ல ஆடப் போவுதுன்ன ஒடனே, மேட்ச்சு நாள்ல டீம் வண்டிய நானே ஓட்றேன்னு போய் நின்னேன். புட்பால் பத்தி எனுக்கு இன்னா தெரியும்? ஒண்ணும் தெரியாது. அதுதான் மொத மேட்ச்லயே வெனையா போச்சி.

புது வண்டி எடுத்தா பூசணிக்கா ஒடைக்கிறோம், புது வூடு கட்டினா ஒடைக்கிறோம். பொண்ணு மொத தபா நேஷனல் லீக்ல நிக்கிது, ஒடைக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? காலைலயே வந்து ரேணுகா எந்தக் கோல்ல நிக்கப் போவுதுன்னு கேட்டேன். டாஸ் போட்டாத்தான் தெரியும்னாங்க. டாஸ் போட்ற வரைக்கும் பூசணிக்காயத் தோள்ல வச்சிகினு நின்னேன் சார். டாசுக்கு இப்டிக் காத்துகினு கீறியே, இது கிரிக்கெட்டா, புட்பாலான்னு கூட்டத்துல ஒருத்தன் கேக்கறான். போட்டு முடிச்சாங்க, ரயில்வே லைன் பக்கத்துக் கோல்னு ஆச்சி. ஓடிப் போய் கம்பத்துக்குப் பின்னால ஒடைச்சேன். மொத பாதில ஒரு கோல் வுடல எம் பொண்ணு. நாம ரெண்டு போட்டோம். நான் பக்கத்துல இருந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்துட்டேன்.

அப்பால அரை டைம் முடிஞ்சி வராங்க. ரேணுகா நேரா அந்தாண்டக் கோலுக்குப் போய் நிக்கிது. நான் பொண்ணு மறந்துட்ச்சின்னு நெனச்சி, ஏய் ரேணு, ஒன் கோல் இந்தாண்ட கீதுன்னு கத்தறேன். யாரும் திரும்பல. எதிர் டீம் கோலி வந்து என் பூசணிக்கா மேல நிக்கிறா சார். அரை டைம்ல பக்கம் மாத்துவாங்கன்னு எனுக்கு எவன் சொன்னான்? பாதி ஆட்டத்துல வூட்டை மாத்திக்கிற விளையாட்டு ஒலகத்துல வேற இன்னா கீது? அப்பால நாம அடிச்ச பந்து எல்லாம் அவ கைக்கே போவுது. மூணு வாங்கினோம். தோத்தோம். அவளுக்குத்தான் அன்னிக்குப் பரிசு குடுத்தாங்க. அது என் காயி சார்.

சிரிங்க சார், பரவால்ல. நீங்க சிரிச்சா மேடம் கொஞ்சம் மூச்சு வுடுவாங்க.

அடுத்த மேட்ச்சுக்கு ரெண்டு பக்கமும் ஒடைச்சிட்டேன். தப்புதான். பாதுகாப்பு ரெண்டு பேருக்கும் போயிடும்னு அப்பத் தோணல. ஒடைச்ச எடத்துல சதை செதறிக் கெடந்துது, எதிர் டீம் பொண்ணு ஒண்ணு வேகமா ஓடியாந்து வழுக்கினு நேரா கோலுக்குள்ளயே பூடுச்சி. பந்து வெளிய நிக்கிது, ஆளு வலைக்குள்ள கீது. ரெபரி எந்த விசில அடிக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாரு. ஆட்டத்த நிறுத்தி, தொடப்பம் கொண்டாந்து பெருக்கினோம். பெருக்கினோம் இன்னா, நான்தான் பெருக்கினேன். ஜாய்ஸ் மேடம் பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு விதையா காட்னாங்க. அன்னிலேர்ந்து நான் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு ஆர்டரு.

வெளியூர் மேட்ச்சுக்கு ரயில்ல போவாங்க. ஜங்ஷன் வரைக்கும் நான் கொண்டு வுடுவேன். பஸ்ஸுக்கு நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் வச்சி ஏத்துனேன். அப்பால ரயிலுக்கும் வைக்கலாமேன்னு நாலாம் பிளாட்பாரத்துல குனிஞ்சேன். போலீஸ்காரரு வந்துட்டாரு. எத்தினி சக்கரத்துக்குப்பா வைப்ப, இருவத்திரெண்டு பொட்டி கீதுன்னாரு. நல்ல மனுஷன். ரெண்டு பழத்த வாங்கினு போய் ஜூஸ் போட்டாரு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வரேன். எங்க டீம்ல ரெண்டு கோலி சார். ரேணுகா நிக்கும். இன்னொரு பொண்ணு பெஞ்சுல குந்திகினு இருக்கும். ஒரு டீம்ல ஒருத்திதான் நிக்க முடியும், இன்னா பண்றது? கிளவுச மாட்டும், கழட்டும். மாட்டும், கழட்டும். முழு ஆட்டமும் அதே வேலை. ரேணுகாவுக்கு அடி கிடி பட்டாத்தான் அதுக்கு சான்ஸு. நான் இங்க ரேணுகாவுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு காயா ஒடைச்சிகினு கீறேன். ஒரு சளி கூடப் புடிக்கல எம் பொண்ணுக்கு. ஒரு நாள் வண்டி கழுவிகினு இருக்கும்போது அந்தப் பெஞ்சுப் பொண்ணு வந்து நிக்கிது. ஒன் பூசணிக்காய நிறுத்திக்க, ஒன்னாலதான் நான் பெஞ்சு தேய்க்கிறேன், அப்டின்னுட்டுப் பூட்டா.

ஆமா சார், வா போன்னுதான் பேசும். வுடுங்க. கோவத்துல பேசறதுக்கெல்லாம் மரியாதை பாக்க முடியுமா?

ஆனா ராத்திரிக்குச் சோறு எறங்கல. அது சொன்னதுலயும் நாயம் கீது இல்ல? நடு சீசன்ல டீம் மாத்திக்கிறதுக்குன்னு கொஞ்ச நாளு குடுப்பீங்களாமே. அப்ப அந்தப் பொண்ணு ஒடிசாவுல ஒரு டீமுக்குக் கையெழுத்துப் போட்டுட்டுப் பூடுச்சி. ரயில் ஏத்தறதுக்கு ஜங்ஷனுக்கு நான்தான் போனேன். பைய நான் தூக்கறேன்னேன். வேணான்னுது. டிபன் பாக்ஸ மட்டும் வாங்கிக்கிச்சி, அதுவும் எறா தொக்குன்னு வாசன வந்ததால.

இருங்க சார், பழத்துக்கு வந்துட்டேன். கம்பத்துல காப்பு கட்னா பிரயோசனம் இல்ல, பக்கம் மாறுது. ஆளு மேல கட்டணும். கோலிங்க பாத்தீங்கன்னா ஒரு சின்னப் பை வச்சினு இருப்பாங்க. தண்ணி பாட்டிலு, துண்டு, இன்னொரு கிளவுசு. அத்த வலைக்குள்ள போட்டுட்டுத்தான் நிப்பாங்க. அரை டைம்ல பக்கம் மாறினா பையும் கூடவே போவும். இத்த நானே கண்டுபுடிச்சேன். அம்மன் கோயில்ல பூஜை பண்ணி, அந்தப் பையில ஒரு பழம். தொடப்பமும் வேணாம், போலீசும் வேணாம். அதுக்கப்பறம் ரேணுகா கோலே வாங்கல. சரி, வாங்குச்சி. கம்மியா வாங்குச்சி.

இன்னிக்கு மேட்ச்ச நெனச்சி ஒரு வாரமா எங்க வூட்ல யாரும் யார் கூடவும் சரியாப் பேசல. ஜோதிலட்சுமி, எங்க வூட்டுக்காரி, ஒரு மேட்ச்சும் வுட்டதில்ல. இன்னிக்கு வர மாட்டேன்னுட்டா. எந்தப் பக்கம் கை தட்றதுன்னு கேக்கறா. டிரா ஆனா ரெண்டு டீமும் தப்பிச்சிக்கும், மூணாவதா ஒரு டீம் கீழ போவும்னு ஜாய்ஸ் மேடம் போர்டுல போட்டுக் காட்டிச்சி. நான் பூசாரியாண்ட போய் டிராவுக்குன்னு தனியா இன்னா பண்ணணும்னு கேட்டேன். ஜெயிக்கிறதுக்குக் கீது, தோக்கடிக்கிறதுக்குக் கூட ஆளு கீறாங்க, டிராவுக்கு இது வரைக்கும் யாரும் கேட்டதில்லப்பான்னுட்டாரு. அதான் ஒரே தட்டுல வச்சி, ஒரே பூஜையா, ரெண்டு பழம் வாங்கினு வந்தேன்.

ஆமா சார், ரெண்டு. ஒண்ணு ரேணுகா பையில ஏற்கனவே போயிடுச்சி. இன்னொண்ணுதான் உங்க மேசை மேல கீது.

எழுதணும்னா எழுதுங்க சார். எம் பேர்ல எழுதுங்க. என்னைக் கிரவுண்டுக்கு வெளிய நிறுத்துங்க, பஸ்லயே குந்திக்கிறேன். கூட்டத்தோட சத்தத்த வச்சே யாரு வாங்கினாங்கன்னு தெரிஞ்சிக்குவேன். ஆனா நீங்க ஒரு பழத்ததான் எடுத்தீங்க. எடுத்தா ரெண்டையும் எடுத்துடுங்க. இல்லன்னா இதயும் திருப்பி வச்சிடுங்க. ஒருத்திக்கு வச்சி ஒருத்திக்கு வைக்கலன்னு தெரிஞ்சா ஜோதிலட்சுமி என்னை வூட்டுக்குள்ள சேக்க மாட்டா. அது மட்டும் இல்ல, ஒரு தபா அப்டிப் பண்ணித்தான் பாத்தாச்சே.

இன்னிக்கு எதிர்ல நிக்கிற ஒடிசா கோலியா? அதான் சார், அந்தப் பெஞ்சுப் பொண்ணு. திவ்யா. எங்க சின்னது.

ரேணுகாவுக்கு ரெண்டு வயசு எளசு. வெளிய சொல்லாதீங்க, அக்கா தங்கச்சி ஆளுக்கொரு பக்கம் நிக்கிறாங்கன்னா பேசி வச்சி ஆடுதுங்கன்னு சொல்லுவாங்க. அதுங்களா பேசி வைக்கும்? டிவி ரிமோட்டுக்கே மண்டைய ஒடைச்சிக்கும்.

இன்னா சார், எழுந்துட்டீங்க? பழத்த எடுத்துகினு எங்க போறீங்க? அவங்க ரூமு அந்தாண்ட சார், இடது கைப் பக்கம். பச்சைப் பை. கிளவுசுக்கு அடில வையுங்க சார், மேல வச்சா தூக்கிப் போட்டுடுவா. கோவம் இன்னும் போவல.