துளை வைத்த நாற்காலி

— வச்ச தண்ணி வச்ச மட்டத்துலயே இருக்கே மாமா!

— தாகமில்லத்தா. எடுத்துட்டுப் போ.

— உதடு வெடிச்சு ரத்தம் கட்டிக் கெடக்கு. தாகமில்லயாம்!

— மெதுவாப் பேசு. தெருவுல ஆள் நடமாட்டம் கேக்குது. இந்தப் பொன்னுச்சாமி திருவாடானையில மக வீட்டுல இருக்கான்னு ஊருக்குச் சொல்லியாச்சு. உள்ளறையிலேருந்து சத்தம் போனா என்ன நெனைப்பாக?

— ஊரு நம்பிருச்சு மாமா. ஒங்க வயிறு நம்பணுமே. நேத்துக் கஞ்சியைச் சன்னல் வழியாக் கோழிக்கு ஊத்திருக்கீக. ஒத்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித்தான் ஊத்துனீகளோ!

— அதுக்காவது இந்தக் கை ஒதவுதுல்ல.

— வெளாட்டா இருக்கா ஒங்களுக்கு? வலது கையும் காலும் விழுந்த அன்னைக்கு ராமநாதபுரத்து டாக்டர் ஒங்க முன்னாலதான சொன்னாரு? தண்ணி நெறையக் குடுங்க, நீரு அடைச்சுக்கிட்டா ஆளு தாங்காதுன்னு.

— சொன்னாரு. குடிச்சவன் எந்திரிச்சுப் போகணும்ல? அதுக்கு ஒரு வழி அவரு சொல்லல.

— நான் இருக்கேன்ல?

— நீ யாரு? என் மகன் பொஞ்சாதி. வலது பக்கம் விழுகிற வரைக்கும் என் முன்னால நிமிந்து நின்னு பேசாதவ. ஒங்க அத்தை உசுரோட இருந்திருந்தா வேற கதை. மருமக தொட்டுத் தூக்கி, மருமக கழுவிவிட்டு… எங்க அய்யா வம்சத்துல அப்படி ஒரு ஆம்பளை இருந்ததில்ல.

— அப்ப தவசியைக் கூப்பிடுறேன். மொத நாளு அவந்தான தூக்குனான்?

— வேணாம். எந்திரிக்கிறதுக்கு அவன் தோளைப் புடிச்சுட்டு, நாளைக்கு அவன் மூஞ்சியைப் பாத்து 'ஏலே, ஏரைப் பூட்டு'ன்னு என்னால சொல்ல முடியுமா?

— கொழும்புல இருக்க ஒங்க மகனுக்குத் தந்தி குடுத்தா, தனுஷ்கோடிக் கப்பல்ல வந்து எறங்கிருவாரு. அதுக்கும் வேணாம்னீக.

— தந்தியை மொதல்ல தபால்காரன் படிப்பான். அவன் படிச்சா அபிராமம் சந்தையே படிச்ச மாதிரி.

— ஆக, என்னதான் செய்யப் போறீக?

— ஒண்ணும் செய்யப் போறதில்ல. குடிக்காம இருந்தாக் கட்டிலை விட்டு எறங்க வேண்டியதில்ல. எறங்கலன்னா யாரும் தொட வேண்டியதில்ல. கொஞ்ச நாள்ல தானா அடங்கிரும்.

— சண்முகவள்ளி! ஏ சண்முகவள்ளி! பூமயிலக்கா வந்திருக்கேன். பட்டப்பகல்ல ஏன் கதவைச் சாத்தி வச்சிருக்க?

— இந்தா வாறேங்க்கா!… மாமா, மூச்சு விடாதீக.

— கொஞ்சம் மோரு இருந்தாக் குடுத்தா. ஒங்க மாமனாரு திருவாடானையிலேருந்து எப்ப வாறாராம்?

— பேரனுக்குக் காதுகுத்து முடிச்சுட்டுத்தான் வருவாருக்கா.

— அது சரி. உள்ள ஆம்பளை இருமுற சத்தம் கேட்டுச்சே?

— கெடாக்குட்டிக்கா. சளி புடிச்சிருக்கு.

— கெடாவை உள்ளறையிலயா கட்டிருக்க? நல்லதுத்தா. புருசன் கொழும்புல இருக்கான், மாமனாரும் ஊருல இல்ல. கெடா பத்திரம்.

— மோரு இந்தாங்க்கா. கதவைச் சாத்துறேன்.

— போயிட்டாளா?

— போயிட்டாக. கேட்டீகல்ல மாமா? கெடா பத்திரமாம். பொழுது சாயுறதுக்குள்ள தெருவே அந்தக் கெடாவுக்குப் பேரு வச்சிரும்.

— அவ நாக்குல புழு விழ! சொல்லிரு, நான் திருவாடானையிலயே செத்துப் போயிட்டேன்னு சொல்லிரு. இன்னும் ரெண்டு நாளைக்குத்தான்.

— பொணம் அங்கேருந்து நடந்து வந்துச்சுன்னு சொல்லவா?

— ஏத்தா…

— இல்ல, கேக்கேன். கொள்ளி வைக்க வர்ற ஒங்க மகன் என்ன கேப்பாரு? எங்க அய்யா வயிறு முதுகோட ஒட்டிக் கெடக்கே, நீ கஞ்சி ஊத்தலயான்னு கேக்க மாட்டாரா? மாமனாரைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டாளேன்னு கடலாடிச் சீமை பூராப் பேசும். ஒங்க மானத்தைக் காப்பாத்த என் மானத்தை அடகு வைக்கிறீக, சொல்லிப்புட்டேன் ஆமா.

— … அதை நான் நெனைக்கலத்தா.

— இப்பவாச்சும் நெனைங்க. இந்தச் சாக்கை எடுக்கேன், பாருங்க.

— என்னது, நாற்காலியா? நடுப்பலகையில என்னத்தா இம்புட்டுப் பெரிய ஓட்டை?

— அதுக்குத்தான். கீழ சட்டி வச்சிருவேன். வேட்டியைச் சுத்தித் தொங்க விட்டா எல்லாம் மறைஞ்சிரும். ஒயரத்தைப் பாருங்க, ஒங்க கட்டில் ஒயரத்துக்கே இருக்கு. எறங்க வேணாம், நகந்து உக்காந்தாப் போதும்.

— நகர்றதா? பாதி ஒடம்பு செத்துக் கெடக்கு.

— மேல பாருங்க. நீங்க அசந்திருந்தப்ப விட்டத்துல கயிறு கட்டிட்டேன். சாணுக்கு ஒரு முடிச்சு போட்டிருக்கு. இடது கையால மேல் முடிச்சைப் புடிச்சு இழுத்தா ஒடம்பு நிமிரும். விழுந்த காலை இந்தத் துணி வளையத்துல மாட்டி இழுத்துக்கங்க. வேலை முடிஞ்சதும் மாட்டு மணியை ஆட்டுனா, நான் வந்து சட்டியை மட்டும் எடுத்துட்டுப் போயிருவேன். ஒங்க மேல என் வெரல் படாது மாமா.

— விட்டத்துல கயிறு தொங்குறதை எவளாச்சும் பாத்தா?

— தொட்டில் கட்டிருக்கேன்னு சொல்லுவேன்.

— புருசன் கொழும்புல, உள்ளறையில கெடா, விட்டத்துல தொட்டிலு. நல்லாச் சொன்ன போ!

— சிரிச்சுட்டீக! அம்மாடி, எத்தனை நாளாச்சு. இந்தாங்க, பப்பாளித் தண்டு. படுத்துக்கிட்டே உறிஞ்சலாம்.

— பொறு. இந்த நாற்காலி எங்கேருந்து வந்துச்சு? உள்ளூர் ஆசாரி செஞ்சானா?

— இல்ல. கீழக்கரையில தோணி கட்டுற காதர் மைதீன் செஞ்சது.

— கீழக்கரைக்கு நீ எப்பப் போன?

— போகல.

— பொய் சொல்லாத வள்ளி. கைப்பிடியைத் தடவிப் பாக்கேன், எண்ணெய் எறங்கி வழவழன்னு இருக்கு. இது புதுச் சாமான் இல்ல. இதுல எவனோ வருசக்கணக்கா உக்காந்திருக்கான். யாரு வீட்டுது?

— குடிங்க, சொல்றேன்.

— சொல்லு, குடிக்கேன்.

— … மொதல்ல ஒங்க துணியை எங்கன தொவைச்சேன்னு கேளுங்க. ஊருணியில குடிதண்ணி, கால் வைக்க முடியாது. கண்மாய்ப் படித்துறைக்குப் போனா நாலு பேரு மோந்து பாப்பாளுக. அதான் உச்சி வெயில்ல, கருவேல மரத்துப் பக்கக் கரைக்குப் போனேன். அங்கன ஒரு அம்மா குனிஞ்சு தொவைச்சுக்கிட்டு இருந்தாக. என்னைக் கண்டதும் துணியை மடிக்குள்ள மறைச்சாக. நானும் மறைச்சேன். பெறகு அவுகதான் கிட்ட வந்து கேட்டாக, ஒங்க வீட்டுலயும் ஆளு விழுந்துட்டாகளாடின்னு.

— இல்லைன்னு சொல்ல வேண்டியதுதான?

— அழுதுட்டேன் மாமா.

— யாருன்னு கேட்டேன்.

— சின்னத்தை.

— எந்தச் சின்னத்தை? உலகம்மாளா? கூத்தையா பொஞ்சாதியா?

— ஆமா.

— எடு இதை! இப்பவே எடு! அந்தப் பய வீட்டுச் சாமான் என் வாசப்படி ஏறவா? சித்தப்பன் மகன். நான் தோள்ல தூக்கி வளத்த பய. திருவிழாவுல நான் தலையில பரிவட்டம் கட்டிக் கோயில் மண்டபத்துக்குள்ள வாறேன், ஊரே எந்திரிச்சு நிக்குது. அவன் தூண்ல சாஞ்சு உக்காந்தபடியே கையைக் கூப்புறான். சாமி மரியாதைக்கு எந்திரிக்காதவன் எனக்குப் பங்காளியா? அன்னைக்கு அத்துவிட்டது. அவுக ஆத்தா செத்ததுக்குக்கூட நான் போகல.

— சின்னத்தை வேற யாருக்காக மாமா துணி தொவைப்பாக? இது அவரு உக்காந்த நாற்காலி.

— என்ன?

— அந்தத் திருவிழாவுக்கு முந்துன மழைக்காலத்துலயே, களத்துல வைக்கப்போர் மேலேருந்து விழுந்து, அவருக்கு இடுப்புக்குக் கீழ வெளங்காமப் போச்சாம். திருவிழா அன்னைக்குக் கோழி கூப்பிடுறதுக்கு முன்னாலயே மகனுக ரெண்டு பேரும் தூக்கியாந்து தூண்ல சாச்சு வச்சிருக்காக. சாப்பிட்ட எலை எடுக்குற ஆளுகளும் போன பெறகுதான் தூக்கிட்டுப் போனாகளாம்.

— பொய்யி. கூத்தையா வயக்காட்டுல காளை மாதிரி நிப்பான்.

— நிக்கிறதை நீங்க எப்ப மாமா பாத்தீக?

— … வண்டியிலதான் போறான் வாறான்னு சொன்னாக. திமிருன்னு நெனச்சேன்.

— வண்டியில தூக்கி வச்சு, முதுகுக்கு வைக்கோல் கட்டு குடுத்து, ஊரைச் சுத்திக் காட்டிட்டு வீட்டுக்குக் கொண்டு போயிருவாகளாம். கும்பிட்ட கையை எறக்குறதுக்குள்ள நீங்க மூஞ்சியைத் திருப்பிக்கிட்டீகளாம். சின்னத்தை சொல்லி அழுதாக.

— ஒரு வார்த்தை சொல்லலயே! 'அண்ணே, எனக்குக் காலு வெளங்கல'ன்னு ஒரு வார்த்தை. ஆள் விட்டுச் சொல்லிருந்தாக்கூட…

— திருவாடானையிலேருந்து நீங்க யாருக்கு ஆள் விட்டீக? கோவிச்சுக்காதீக. வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்.

— இல்லத்தா. அவன் ஆத்தா என்னையும் மடியில போட்டு வளத்தவ. பாடை போனதை இந்தச் சன்னல் வழியாத்தான் பாத்தேன். எல்லாரும் நடந்து போறாக, அவன் மட்டும் பின்னால வண்டியில வாறான். பெத்தவளுக்காக நாலு எட்டு நடக்க வலிக்குதாடான்னு இங்கன நின்னு காறித் துப்புனேன்.

— விடுங்க மாமா. மூச்சு வாங்குது.

— அந்தத் தண்டைக் குடு. நெத்தியைப் புடிக்காத, நானே உறிஞ்சிக்கிறேன்.

— மெதுவா. மெதுவா மாமா, பொரை ஏறிரும்.

— இன்னும் ஊத்து.

— இந்தாங்க. அழாதீக.

— அழல. கண்ணுல தண்ணி தெறிச்சிருச்சு. நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டிலை ஒட்டிப் போடு. இதை எப்படிக் கொண்டாந்தீக?

— தவசிதான், நேத்து வெயில் தாழ வைக்கோல் வண்டிக்குள்ள வச்சுக் கொண்டாந்தான். அவன் வாயைத் தெறக்க மாட்டான்.

— காதர் மைதீனுக்குச் சொல்லிவிட்டு இதே மாதிரி ஒண்ணு செய்யச் சொல்லணும்.

— சின்ன மாமாவே ஆள் அனுப்பிட்டாரு. மரம் அறுத்துச் செஞ்சு முடிக்க அடுத்த வாரம் ஆகுமாம்.

— ஆகட்டும். அது வர்ற வரைக்கும் இது இங்கன… ஏத்தா, அவன்கிட்ட ரெண்டு நாற்காலியா இருந்துச்சு?

— ஒண்ணுதான் மாமா. நேத்து வண்டி கெளம்புனதுலேருந்து அவரு தண்ணி குடிக்கல.