பச்சை ரிப்பன் கேட்ட அம்மா

கையில இருக்கிற டீ ஆறுறதுக்குள்ள ஒரு சின்னக் கதையைச் சொல்லி முடிச்சிடுறேன். இன்னைக்கு வாசல்ல ரிப்பன் கொடுக்க நிக்கப்போற பிள்ளைங்க முன்னால வாங்க... இது உங்களுக்குத்தான்.

போன வருஷம் இதே உறையூர் மண்டபம், இதே ஆட்டிசம் சங்கக் கூட்டம். வாசல்ல யாரு? நான். ஆறாம் வகுப்போட நின்னவன்தான். ஆனா பொய் சொல்றவன் என் முன்னால வந்தா அவன் செருப்பே அவனைக் காட்டிக் கொடுத்துடும். காது? காவேரிக்கு அக்கரையில மீன் துள்ளுனா இக்கரையில எனக்குக் கேக்கும்.

ஆட்டிசம் உள்ளவங்களுக்குப் பச்சை ரிப்பன், குடும்பத்துக்கு மஞ்சள். பச்சைக்காரங்க மட்டும் உக்காந்து பேச ஒரு தனி அறை.

ஸ்கூட்டர்ல வந்து இறங்குச்சு ஒரு அம்மா. வருகை நோட்டுல எழுதுச்சு: ஷாகிதா பானு, நாப்பத்தாறு வயசு, தபால் ஆபீஸ் வேலை.

"பச்சை கொடுங்க."

"யாருக்கும்மா?"

"எனக்குத்தான். போன மாசம்தான் டாக்டர் சொன்னாங்க. என்னை மாதிரி இன்னொருத்தரை நான் பார்த்ததே இல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

எனக்குச் சுருக்குன்னுச்சு. வேலை பாக்குது... வண்டி ஓட்டுது... கோர்வையா பேசுது. இது எப்படி? சாப்பாட்டுக்கு வந்ததோ? வேவு பாக்க வந்ததோ?

"சர்டிபிகேட் இருக்கா?"

"முன்னால போனவங்ககிட்ட கேட்டீங்களா?"

"அவங்களைப் பார்த்தாலே தெரியுதும்மா."

பின்னால வரிசையில சவரியம்மா, மகன் அமல்ராஜோட. முப்பது வயசு, வாய் பேசமாட்டான். கையில இருக்குற டேப்லெட்ல எழுத்தைத் தட்டுனா அது பொண்ணு குரல்ல படிக்கும். சவரியம்மா சொல்லுச்சு: "நல்லாக் கேளுங்கண்ணே. என் மகன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரல. இவங்க பட்டிமன்றமே நடத்துவாங்க போல... இவங்களும் பச்சையா?"

அப்பத்தான் அமல்ராஜ் தட்ட, டேப்லெட் பேசுச்சு. "ஸ்பீக்கர் விசில் அடிக்குது. எனக்கு வலிக்குது. அவங்களுக்கும். கையைப் பாருங்க."

பார்த்தேன். ஸ்கூட்டர் சாவியை இறுக்கிப் பிடிச்சு உள்ளங்கையில ரத்தம் கட்டியிருக்கு.

விசிலா? மீன் துள்ளுனா கேக்குற காது சார் இது... எனக்கு ஒண்ணும் கேக்கல. ஓடிப்போய் ஸ்பீக்கரை நிறுத்துனேன். ரெண்டு பேர் தோளும் ஒரே நேரத்துல இறங்குச்சு.

சவரியம்மா முகம் மாறிப்போச்சு. "காதைப் பொத்துவான்... அடம் பண்றான்னு அடிச்சிருக்கேனே."

"நானும் அடி வாங்கியிருக்கேன்க்கா," அப்படின்னுச்சு ஷாகிதாம்மா.

பச்சையை எடுத்துக் கொடுத்தேன். அமல்ராஜும் ஷாகிதாம்மாவும் அந்தத் தனி அறைக்கு ஒண்ணா போனாங்க.

பிள்ளைகளா, என்ன தெரியுது? பேசுறவங்க உண்டு, பேசாதவங்க உண்டு, அஞ்சு வயசுல தெரிஞ்சவங்க உண்டு, அம்பதுல தெரிஞ்சவங்க உண்டு. ஒருத்தர் இன்னொருத்தர் மாதிரி இருக்கமாட்டாங்க. அதுக்காகக் காயத்தைக் காட்டித்தான் உள்ள வரணுமா? பச்சை கேட்டா பச்சையைக் கொடுங்க.

சந்தேகம் வரும். வந்தா எங்க வைக்கணும் தெரியுமா? ரிப்பன் கேக்குறவங்க மேல இல்ல... ரிப்பன் டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவன் மேல.