சேரும்போதுதான் சுடும்

தலைமை தாங்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோரே, பிள்ளையைப் பறிகொடுத்த தாயே, கணவனை இழந்த தங்கையே, துக்கத்தில் தோள்கொடுக்கத் திரண்டிருக்கும் தோழர்களே!

முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவன் நான். பிசின் ஆலைக் கலன் வெடித்து மாண்டவன் என் மாணவன். இரங்கல் கூட்டத்தில் பாடம் எதற்கு என்கிறீர்களா? அந்தப் பாடம்தான் ஐயா, அவனைக் கொன்றது!

என்ன, கேட்கவில்லையா? மைக்கை நெருங்கிப் பேசுகிறேன். இது கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்.

எலக்ட்ரான் உருளும் குண்டுமணியா? இல்லை, பரவி நிற்கும் அலை! இரண்டு அணுக்கள் நெருங்குகின்றன. அலையோடு அலை ஒத்து எழுந்தால், இரு கருக்களின் நடுவே எலக்ட்ரான் செறிகிறது, அது பிணைப்பு. எதிர்த்து எழுந்தால் நடுவே வெறுமை, அது பிரிவு. பிணைந்தவை தனித்திருந்ததைவிடக் குறைந்த ஆற்றலில் அமைகின்றன. மிச்சம் எங்கே போகும்? வெப்பமாய் வெளியேறும்! பிணைப்பைப் பிரிக்கத்தான் ஆற்றலை நாம் கொடுக்க வேண்டும்.

நான் என்ன நடத்தினேன்? "பிணைப்பு உடைந்தால் ஆற்றல் வரும்" என்றேன். எளிமையாய்ச் சொல்லிவிட்டதாகப் பூரித்தும் போனேன்.

ஆலையில் கலன்கள் இருக்கும் பகுதிக்கு அவன் மாறி வந்து மூன்றாம் நாள். ஒரு கலனில் பழைய பிசினைச் சிதைக்கிறார்கள். மறு கலனில் சிறு மூலக்கூறுகள் சேர்ந்து புதுப் பிசின் ஆகிறது. ஒரு பம்பு பழுது. குளிர்விக்கும் தண்ணீர் ஒரு கலனுக்குத்தான் போதும். "எதுக்கு விடட்டும் அண்ணே?" என்று அவனைக் கேட்டிருக்கிறார் குழாய்களைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர்.

"உடையுறதுக்குத்தான்டா தண்ணி வேணும். சேர்றது சும்மா சேரும். எங்க வாத்தியார் சொன்னது இன்னும் மறக்கல."

மறக்கவில்லை! பாவி, மறந்து தொலைத்திருக்கக் கூடாதா?

தண்ணீர் சிதைக்கும் கலனுக்குப் போனது; பிசின் சேர்ந்துகொண்டிருந்த கலன் கொதித்து வெடித்தது. விசாரணை அறிக்கையோ 'கவனக்குறைவு' என்கிறது. யாருக்கு? ஒரு சொல் விடாமல் கவனித்தவனுக்கா?

நேற்று இந்தத் தங்கை என் வாசலில் நின்றது. "அவரு தப்பு பண்ணலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார். எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல தலை நிமிந்து நடக்கணும்" என்றது. அவன் பள்ளி நோட்டையும் கொடுத்தது. இதோ, அதே வாக்கியம். அடியில் சிவப்பு மையில் 'சரி' என்று போட்டது யார்? நான்!

அழாதே தங்கையே. பம்பைப் பழுது பார்க்காதவர்கள் தங்கள் பதிலைச் சொல்லட்டும். என் பதில் இந்த நோட்டு. அந்தச் 'சரி'யை அடித்துவிடக் கை துடிக்கிறது. அடிக்க மாட்டேன், அது சாட்சி. நாளைக் காலை விசாரணை அதிகாரியின் மேசையில் நானே வைப்பேன். அவன் பெயருக்கு எதிரே உள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லை என் பெயருக்கு எதிரே எழுதட்டும்!

பேச இடமளித்த தலைவருக்கும் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி. 'சரி' போட்ட அதே கையைக் கூப்பி உங்களை வணங்குகிறேன்.