ஓடச் சொன்னார், ஒப்பித்தோம்

அவைக்குத் தலைமையேற்று, இப்போதே மணியடிக்கக் கையைத் தயாராக வைத்திருக்கும் எங்கள் சங்கத் தலைவர் அவர்களே! அவர் அருகே வீற்றிருக்கும் ஆன்றோர்களே! சலவை ஆலையின் வெந்நீரிலும் வெப்பத்திலும் வெந்து வேலை பார்க்கும் என் தோழர்களே! ஆலை வேலையை முடித்து, அடுப்படி வேலையையும் முடித்து, அசதியோடு வந்து அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் துணி மடிக்கும் பிரிவிலிருந்து வந்திருக்கும் இந்த எளியவளின் வணக்கம்.

என்ன, பின்வரிசைக்குச் சரியாகக் கேட்கவில்லையா? மைக்கைக் குறை சொல்லாதீர்கள், பாவம். நடுங்குவது என் குரல்தான். நான் பயந்துபோயிருக்கிறேன், தோழர்களே. எதற்குப் பயம் என்று சொல்லத்தான் இந்த மேடையில் பேச நேரம் கேட்டு வாங்கினேன்.

வருகிற திங்கட்கிழமை ஆலையில் ஆங்கில வகுப்பு மறுபடியும் தொடங்குகிறது. பழைய டீச்சர் வேலையை விட்டுப் போய்விட்டார். பல மொழிக்காரர்கள் சேர்ந்து படிக்கும் வகுப்புக்கு இனி நான்தான் ஆசிரியையாம். கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் நான் படித்தபோது அந்த வகுப்பறையில் நடந்தது என்னவென்று முழுதாகத் தெரிந்தால் தட்டுவீர்களா?

அப்போது மாடியில் இரண்டு அறைகள், இரண்டு வகுப்புகள். ஒன்றில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தமிழர்கள். அங்கே என்ன குறை? ஒரு சொல் புரியவில்லையா, வாத்தியார் தமிழில் சொல்லிவிடுவார். வாத்தியாருக்கே தெரியவில்லையா, பக்கத்து நாற்காலிக்காரர் தப்பாகவாவது சொல்லிவிடுவார்! என் வீட்டுக்காரர், உங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாய்லர்காரர், அந்த வகுப்பு. எனக்கு அங்கே இடம் கிடைக்காமல் அடுத்த அறைக்குப் போனேன். “ஏம்மா, உனக்கு ஒண்ணு புரியலன்னா அங்க யாருகிட்ட கேப்ப? செவுத்துகிட்டயா?” என்று வீட்டில் ஒரே கேலி.

கேலியில் நியாயம் இருந்தது. என் தமிழ் என் பக்கத்தில் இருந்தவளுக்குத் தெரியாது. அவள் மொழி அவளுக்கு அடுத்தவருக்குத் தெரியாது. டீச்சரின் தாய்மொழியோ எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதில் ஒரு வார்த்தையை அவர் அந்த அறையில் பேசியதும் கிடையாது. பிறகு எப்படிப் படித்தோம்? அவர் நடித்தார், நாங்கள் படித்தோம். தூக்கம் என்றால் மேசையில் சாய்ந்து தூங்கினார். அழுகை என்றால் அழுதே காட்டினார். முதல் தடவை அவர் அழுதபோது நான் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்; வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு பதறுவதை விட்டுவிட்டேன். அவர் சொல்வார், நாங்கள் திருப்பிச் சொல்வோம். அவர் உரக்கச் சொன்னால் நாங்களும் உரக்கச் சொல்வோம். அதுதான் பாடம், அதுதான் பழக்கம்.

ஒருநாள் மாலை, கீழே துணி உலர்த்தும் இயந்திரத்தில் தீப்பிடித்தது. பஞ்சுத்தூசி பற்றிக்கொண்டு புகை மாடிப்படி ஏறியது. டீச்சர் எதற்கோ கதவைத் திறந்தார். பார்த்தார். திரும்பினார். கண்கள் விரிய, கைகள் உதற, “ஃபயர்! கெட் அவுட்!” என்று கத்தினார்.

நாங்கள் என்ன செய்தோம்? எழுந்தோமா? இல்லை. ஓடினோமா? இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே குரலில், “ஃபயர்! கெட் அவுட்!” என்றோம்.

சிரியுங்கள், சிரியுங்கள். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் சொன்னோம். இன்றைக்கு டீச்சர் என்னமாய் நடிக்கிறார் என்று வியந்துகொண்டே சொன்னோம்!

என்னம்மா கேட்கிறீர்கள், புகை நாற்றம் தெரியவில்லையா என்றா? கருகிய துணியும் காரச் சோப்பும் காலையிலிருந்து மூக்கில் ஏறும் இடம், தாயே. எங்களுக்கு எந்த நாற்றம் புதிது?

பக்கத்து அறையில் என்ன நடந்தது தெரியுமா? யாரோ ஒருவர், “எந்திரிங்கய்யா, தீ!” என்றார். அவ்வளவுதான். அத்தனை பேரும் முற்றத்தில். என் வீட்டுக்காரர் அங்கே நின்று என்னைத் தேடுகிறார். நான் இல்லை. மேலே ஜன்னலைப் பார்க்கிறார். என்ன கேட்டது என்று அவரே பிறகு சொன்னார்: “புகை வருது, உள்ள நீங்க பாட்டு மாதிரி ‘கெட் அவுட், கெட் அவுட்’னு சொல்லிக்கிட்டிருக்கீங்க. நான் கீழேருந்து உன்னைக் கூப்பிட்டு கத்துறேன். உங்க சத்தத்துல என் சத்தம் எனக்கே கேக்கல.”

டீச்சர் மறுபடி கத்தினார், மறுபடி ஒப்பித்தோம். ஒருத்தியின் தோளைப் பிடித்து இழுத்தார். அவள் வெட்கப்பட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மேசையை அடித்தார், நாங்களும் அடித்தோம்! என் உள்ளங்கை இன்னும் அதை மறக்கவில்லை, தோழர்களே.

அப்போதுதான் அவர் வாயிலிருந்து வேறொரு சத்தம் வந்தது. ஆங்கிலம் இல்லை. அவருடைய சொந்த மொழி. அதுவரை அந்த அறையில் ஒலிக்காத மொழி. என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவருக்கே நினைவில்லையாம். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. பாடம் முடிந்துவிட்டது, இது டீச்சர் இல்லை, பயந்துபோன ஒரு பெண் என்று எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது. எழுந்தோம். இருமிக்கொண்டே, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டே இறங்கினோம். நாங்கள் முற்றத்தில் விழுந்து கிடந்தபோது அந்த மாடிப்படி எரிந்துகொண்டிருந்தது.

படியைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள்; அதே அறையில், அந்த நாற்காலிகளுக்கு முன்னால்தான் திங்கட்கிழமை நான் நிற்கப் போகிறேன். வீட்டில் சொன்னால், “நீ கத்துனா நானே ஓடிருவேன், அவங்க ஓடமாட்டாங்களா?” என்கிறார். ஓடமாட்டார்கள், ஐயா. கத்துவது நானாக இருந்தாலும், அது பாடமாக இருக்கும்வரை ஓடமாட்டார்கள்.

ஆகவே தலைவர் அவர்களே, ஆலை நிர்வாகத்திடம் நீங்கள் எனக்காக ஒன்று கேட்க வேண்டும். முதல் வகுப்பில் புத்தகம் வேண்டாம். பெயர் சொல்லும் பாடம் வேண்டாம், பழம் சொல்லும் பாடம் வேண்டாம். நான் “கெட் அவுட்” என்பேன். அவர்கள் வாயைத் திறக்காமல் எழுந்து, படியிறங்கி, முற்றத்தில் போய் நிற்க வேண்டும். கால் கற்கும்வரை அதுதான் பாடம். அதோடு, ஒவ்வொருவரும் தம் தாய்மொழியில் ஆபத்துக்குக் கத்தும் சொல்லை எனக்குச் சொல்லித்தர வேண்டும். ஒரே மொழி பேசும் வகுப்புக்கு ஒரு சொல் போதும். என் வகுப்பில் எத்தனை மொழியோ, அத்தனை சொல்லையும் நான் மனப்பாடம் செய்வேன். அவர்கள் என் மொழி படிக்க வரவில்லை, நானும் அவர்கள் மொழியில் பேசப்போவதில்லை. ஆனால் உயிர்போகும் நேரத்தில் ஒரு சொல்லாவது அவரவர் மொழியில் காதில் விழ வேண்டாமா? வேண்டாமா, சொல்லுங்கள்!

மணி அடித்துவிட்டீர்கள், தலைவரே. முடிக்கிறேன். முடிக்கும்முன் ஒரே ஒருமுறை, அவர் கத்தியதைப் போலவே கத்துகிறேன். ஃபயர்! கெட் அவுட்!

பார்த்தீர்களா? கைதட்டுகிறீர்கள். எவ்வளவு அழகாகச் சொன்னாள் என்று தட்டுகிறீர்கள். இவ்வளவையும் கேட்ட பிறகும் தட்டுகிறீர்கள்.

இந்த மண்டபத்தில் எழுந்து நிற்பவர் ஒரே ஒருவர். அதோ, கடைசி வரிசையில், கதவைப் பார்த்துத் திரும்பி நிற்கிறார் என் வீட்டுக்காரர். உட்காருங்கள், ஒன்றுமில்லை. உட்காருங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், பிள்ளைகளை அடக்கிக்கொண்டு கேட்ட தாய்மார்களுக்கும் என் நன்றி. வெளியே போகும் கதவு உங்கள் வலப்பக்கம் இருக்கிறது. வணக்கம்.