இடுப்பெலும்பு பார்த்துப் பிரித்த இரண்டு பெட்டிகள்

மேடையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, ஓதி முடித்து அமர்ந்திருக்கும் ஷேக் அவர்களே, அலெக்ஸாந்திரியாவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, முன்வரிசையில் சட்டைப்பையைக் கையால் பொத்தியபடி இருக்கும் ஹாஜி சுப்ஹி அவர்களே!

என்னை உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். எப்படி உட்காருவேன்? நேற்று டாக்டர் இஃப்பத் அம்மையாரை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறை வாசலில் பூசிய சாந்து இன்னும் முழுதாகக் காயவில்லை. காய்ந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் அடுத்த சாவுக்குத்தான் வாசல் திறக்கும். என் காரிலோ இரண்டு பெட்டிகள் காத்துக் கிடக்கின்றன!

உடற்கூறியல் பேராசிரியர் இஃப்பத் அவர்களின் முதல் வகுப்பை யார் மறப்பார்? தன் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பிடிப்பார். "நிறம் எங்கடா இருக்கு? மேல்தோல்ல. காகிதம் மாதிரி மெல்லிசு. அதுக்குக் கீழ உள்தோல், கொழுப்பு, தசை, எலும்பு. அங்க இறங்கிப் போய் எவன் நூபியாக்காரன், எவன் துருக்கிக்காரன்னு நிறத்தை வெச்சுச் சொல்லு, நான் வேலையை விட்டுடறேன்!" யாராவது சொன்னோமா?

நாம் படித்த எலும்புகள் யாருடையவை? கேட்பாரற்ற கல்லறைகளிலிருந்து எப்போதோ வந்தவை. நம் கைபட்டுக் கைபட்டே பழுப்பேறியவை. தேர்வுக்கு முந்தைய இரவு தொடையெலும்பைக் கட்டிப்பிடித்துத் தூங்கிய புண்ணியவான் இங்கேதான் இருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன்! போன மாதம் பிளாஸ்டிக் எலும்புகள் வந்ததும், முதல்வர் அவர்களே, "பழசைக் கிடங்குல போடுங்க" என்றீர்கள். அம்மையார் பொங்கிவிட்டார். "நமக்குப் பாடம் சொன்னவங்க சார் அவங்க! என் குடும்பக் கல்லறையில வெப்பேன்" என்றார்.

அம்மையாரின் அண்ணனான ஹாஜி அவர்களே, அதைக் கேட்டு நீங்கள் துறைக்கே வந்து சத்தம் போட்டீர்கள்.

"ஊர் பேர் தெரியாத ஆம்பளையை நம்ம உம்மா பக்கத்துல படுக்க வெப்பியா?"

"உம்மா பக்கத்துல பொம்பளைங்கதான் அண்ணே. நம்ம கல்லறையில ஆணுக்கு ஒரு அறை, பெண்ணுக்கு ஒரு அறை. எனக்குத் தெரியாதா?"

"வெறும் எலும்புல என்னத்தைக் கண்டே?"

"இடுப்பெலும்பைப் பாருங்க. அகலமா, தாராளமா இருந்தா பிள்ளை பெத்துக்கப் படைச்சது. ஒடுங்கி ஆழமா இருந்தா உங்களை மாதிரி."

நோயின் வலியோடு, ஒவ்வோர் எலும்பையும் பொருத்திப் பார்த்து இரண்டு பெட்டிகளாகப் பிரித்தார். எந்தப் பக்கமும் சேராத சில விரல் எலும்புகளைச் சின்னத் துணிப்பையில் கட்டினார். "நான் போனப்புறம் இதுங்க என்னோட இருக்கட்டும்" என்று என்னிடம் கொடுத்தார்; இதோ, என் கையில் இருக்கிறது. நீங்கள் வாசலைப் பார்த்து நடந்துவிட்டீர்கள். கல்லறைக் கட்டடத்தின் சாவி உங்கள் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

அன்பர்களே! துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் சர்க்கரையில்லாத காபியைக் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதா அஞ்சலி? அவர் விட்ட வேலையை முடிப்போம் என்று இந்தச் சபையில் வாக்குக் கொடுக்கிறேன். ஆனால் சாவி என்னிடம் இல்லையே! ஹாஜி, என் கூடப்பிறக்காத அண்ணனே, கெஞ்சிக் கேட்கிறேன்...

எழுந்துவிட்டீர்களா? கோபமா? என்ன சொல்கிறீர்கள், சத்தமாகச் சொல்லுங்கள்.

"பேசிக்கிட்டே நிக்கிறீங்களே டாக்டர், அங்க சாந்து காயுது! பெட்டியை பசங்க தூக்கட்டும். அந்தச் சின்னப் பையை இப்படிக் குடுங்க. என் தங்கச்சிகிட்ட நானே குடுத்துக்கறேன்."