பெரிய கல்லு

ஆடாதீங்க சார்! எரியுதா? எரியத்தான் செய்யும். கத்தியைக் குத்தம் சொல்லாதீங்க, உங்க தாடி அப்படி. கம்பியா நிக்குது... சரி சரி, வாயைத் தெறக்காதீங்க, நுரை உள்ள போயிரும். ஒரு கன்னம் முடிஞ்சுது. இன்னொண்ணுக்கு முன்னாடி ஒரு தீட்டு தீட்டிக்கறேன். ஒரே நிமிஷம்.

இந்தா பாருங்க, காலையிலேருந்து வாளியில ஊறுது. கத்தி தீட்டற தண்ணிக் கல்லுன்னா ஊறணும் சார். குமிழி விடுறது நிக்கிற வரைக்கும் ஊறணும். எதிர்க்கடையில நாலு சொட்டு தெளிச்சுட்டுத் தேய்ப்பாரு. கேட்டா, அவரு கல்லுக்கு அது போதுமாம்! யாருன்னு கேளுங்க... எங்கண்ணன். கூடப் பொறந்தவரு. கண்ணாடியில பாருங்க... திரும்பாதீங்க சார், கண்ணாடியில! அந்த வழுக்கைத் தலை. சொந்தத் தலையில நாலு முடி கெடையாது, ஊருக்கெல்லாம் முடி வெட்டறாரு. பெஞ்சுல எத்தனை பேரு? அஞ்சா? அதுல மூணு பேரு என் ஆளுங்க! பத்து வருஷமா என்கிட்ட மூஞ்சியைக் குடுத்தவங்க. இப்ப என் கடை வந்தா மட்டும் குனிஞ்சுகிட்டே போறாங்க. உங்களுக்குக் கன்னம்தான் எரியுது. எனக்கு வயிறே எரியுது.

ஒண்ணா இருந்த கடைதான் சார். பாகம் பிரிச்சோம். நாற்காலி ஆளுக்கொண்ணு, கண்ணாடி ஆளுக்கொண்ணு. கல்லு ரெண்டு. ஒண்ணு ஆயிரம் நம்பரு, செங்கல் கணக்கா தடியா இருக்கும். இன்னொண்ணு எட்டாயிரம். தேஞ்ச சோப்பு மாதிரி, இத்தனூண்டு. அண்ணன் என்ன பண்ணாரு தெரியுமா? அந்த இத்தனூண்டை என் பக்கம் தள்றாரு! "சவரத்துக்கு உன் கைதான்டா. எனக்குக் கத்திரி போதும். இது உன்கிட்டதான் இருக்கணும்"ங்கறாரு. எப்படி இருக்கு கதை? சின்னவன்னா சின்னக் கல்லா? அண்ணி வேற, "வாங்கிக்கோங்க தம்பி, உங்க நல்லதுக்குத்தான்"னு கண்ணைக் கசக்கறாங்க. யாருகிட்ட காதுல பூ சுத்தறீங்க! லபக்குன்னு பெருசைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டேன். அண்ணன் மூஞ்சி தொங்கிப் போச்சு. ஜெயிச்சுட்டோம்டான்னு வந்தேன், அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை, அவ்வளவு சந்தோஷம்.

பெருசுதான் சார், இல்லைன்னு சொல்லலை. இன்னும் இருபது வருஷம் உழைக்கும். ஆனா என்னன்னா... நம்பரு கம்மின்னா கல்லு சொரசொரப்பு. இது கத்திக்குக் கூர் வெக்கும், அவ்வளவுதான். அப்புறம் அந்தச் சின்னதுல நாலு இழுப்பு இழுக்கணும். அப்பதான் கூர்ல இருக்கற பிசிறு போகும், கத்தி கன்னத்துல வழுக்கிட்டுப் போகும். இதுல மட்டும் தீட்டினா... எப்படிச் சொல்றது... ரம்பத்தால சவரம் பண்ற மாதிரி.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? புதுசு வாங்கக் கூடாதாங்கறீங்களா? நல்லா கேட்டீங்க! கல்லு விக்கற கடை எங்க இருக்கு? அண்ணன் கடைக்கு அடுத்த கதவு! நான் எட்டாயிரம் கல்லை வாங்கிக்கிட்டு அவரு முன்னாடி நடந்து வரணுமா? இந்தக் கடையை மூடினாலும் மூடுவேன், அது மட்டும் நடக்காது.

ஏன் எந்திரிக்கறீங்க? சார்! ஒரு பக்கம் அப்படியே இருக்கு சார்! அய்யோ, நுரையோட எங்க... அங்கயா? சார், துண்டு என்னுது!

அண்ணே! என்னண்ணே வேடிக்கை? உக்கார வெச்சு முடிச்சு விடு! தாடைக்குக் கீழ மரு இருக்கு, பாத்து!

சார்... சார், ஒரு நிமிஷம் நில்லுங்க, காதைக் குடுங்க. போறதுதான் போறீங்க. அந்தச் சின்னக் கல்லை, துண்டு திருப்பிக் குடுக்க வர்றப்ப... அப்படியே உள்ள சுருட்டி எடுத்துட்டு வந்துருங்க. அவரு குடுப்பாரு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க.