கதவைச் சாத்தினார் கோச்

— கதவ சாத்தினாரா, தெறந்தே வெச்சிருந்தாரா? அத மட்டும் சொல்லு டாரல்.

— சாத்தினாரு. ஆனா நடீன், நான் என்ன சொல்ல வந்தேன்னா…

— சாத்திட்டாரா! அவ்ளோதான். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பதினோரு வருஷமா இந்த பேஸ்பால்காரன கட்டிக்கிட்டு சின்ன லீக்குலயே காலம் தள்றேன், எனக்குத் தெரியாதா? கோச் ரூமுக்குக் கூப்பிட்டு கதவ சாத்தினா பெட்டியக் கட்டுன்னு அர்த்தம். போன வருஷம் அந்த நெட்டக்கால் ஓர்ட்டனுக்கு என்ன ஆச்சு? மத்தியானம் கதவ சாத்தினாங்க, சாயங்காலம் அவங்கம்மா வீட்டுல இருந்தான்.

— அதில்லம்மா…

— அழறியா?

— இல்லியே. எதுக்கு அழணும்?

— அப்ப நான் அழுதுக்கறேன். ஒரு நிமிஷம் இரு… ம். இப்ப கேளு. ஒண்ணு சொல்வேன், கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— எனக்கு சந்தோஷமா இருக்கு.

— சந்தோஷமாவா?

— ஆமாப்பா. நெஞ்சு மேல கெடந்த கல்ல யாரோ எறக்கி வெச்ச மாதிரி இருக்கு. பள்ளிக்கூட சமையல்கட்டுல நின்னுக்கிட்டுப் பேசறேன். எரநூறு பிள்ளைங்களுக்கு மக்ரோனி வெந்துக்கிட்டிருக்கு. எனக்கு ஆடணும் போல இருக்கு. வெக்கமாவும் இருக்கு. புருஷனுக்கு வேலை போச்சேன்னு எவளாவது ஆடுவாளா?

— எவ்ளோ நாளா இப்படி நெனச்சுக்கிட்டு இருக்கே?

— ஹேலி பொறந்த நாள்லேர்ந்து. நீ எங்கயோ பஸ்ல போய்க்கிட்டிருந்தே. அவ அழற சத்தத்த போன்ல கேட்டுட்டு, டிவிய கொஞ்சம் கம்மி பண்ணுன்னு சொன்னே.

— பஸ்ல முப்பது பேரு கத்திக்கிட்டிருந்தானுங்கம்மா.

— தெரியும், கொற சொல்லல. அப்புறம் உன் மொழங்கையில ரெண்டு தடவ கத்தி வெச்சாங்க. மறுபடி பந்து போடலாம்னு டாக்டர் சொன்னப்பல்லாம் நீ சிரிச்சே. நான் பாத்ரூமுக்குப் போயிட்டேன். வருஷா வருஷம் மார்ச்சுல நீ கெளம்புவ பாரு, அன்னிக்கு கார் திரும்பற வரைக்கும் கையாட்டிட்டு உள்ள வந்து, ஆண்டவரே, இந்த வருஷமாவது இவன வீட்டுக்கு அனுப்பிடுங்கன்னு வேண்டிப்பேன்.

— நான் ஜெயிக்கணும்னு வேண்டிக்கறதா சொன்னியே!

— அதையும்தான் வேண்டிக்கிட்டேன். எதக் குடுக்கறதுன்னு அவருக்கே கொழப்பமாயிருக்கும்.

— ஏன் நடீன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?

— சொல்லியிருந்தா விட்டிருப்பே. அன்னிக்கே விட்டிருப்பே. அப்புறம் டிவில எவனாவது பந்து போடறப்பல்லாம் என்னை ஒரு பார்வ பார்ப்பே. அந்தப் பார்வையோட என்னால குடும்பம் நடத்த முடியாது. அதான், அவங்களா முடிக்கட்டும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்… ஹலோ? கேக்குதா?

— கேக்குது. நானும் ஒண்ணு சொல்லவா? எனக்கும் போதும்னுதான் இருக்கு. காலையில எழுந்தா இடது கையாலதான் சட்டைப் பொத்தான் போடறேன். கூட தங்கியிருக்கறவனுக்கு இருவத்தோரு வயசு, என்னை தாத்தாங்கறான். ரெண்டு வருஷம் முன்னாடியே மனசு விட்டுப்போச்சு. நான் விட்டுட்டா நீ காத்திருந்ததெல்லாம் வீணாயிடுமேன்னுதான் வெளிய காட்டிக்கல.

— அடப்பாவி! எனக்காக நீ பந்து போட்டியா?

— நீ எனக்காக கை தட்டின மாதிரிதான்.

— நல்ல ஜோடி போ! யார்கிட்டயும் சொல்லிடாத, சிரிப்பாங்க.

— நடீன்… ஒருவேள பெரிய லீக்ல கூப்பிட்டிருந்தா?

— யார, உன்னையா? முப்பத்திமூணு வயசுலயா? போதும் ராசா உன் ஜோக்கு.

— சும்மா ஒரு பேச்சுக்கு.

— பேச்சுக்குன்னா… தெருவே ஓடி வர்ற மாதிரி கத்தியிருப்பேன். ஆட்டத்த ஒரு ஓரமா நின்னு பார்த்திருப்பேன். அப்புறம் கையப் புடிச்சு வீட்டுக்கு இழுத்துட்டு வந்திருப்பேன். இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்? எங்கண்ணன் தீவனக் கடையில உனக்கு எடம் வெச்சிருக்கான். மூட்டை தூக்க வேணாம், வண்டி ஓட்டினா போதும்.

— மச்சான்கிட்ட வரேன்னு சொல்லிடு.

— நெஜமாவா? மனசு மாற மாட்டியே?

— மாற மாட்டேன். இந்த சீசனோட சரி. சொல்லிட்டதுல எனக்கும் மூச்சு நல்லா வருது.

— இன்னும் என்னய்யா சீசன்? அதான் அனுப்பிட்டாங்களே, இன்னியோட முடிஞ்சுது! மக்ரோனிய எறக்கி வெச்சுட்டு, ஹேலிய வகுப்புலேர்ந்து கூட்டிக்கிட்டு இப்பவே கெளம்பறேன். நாலு மணி நேரத்துல டெமாய்ன் வந்துடுவோம். மைதானத்து வாசல்ல பெட்டியோட நில்லு. பசிக்குதுன்னு கண்டத தின்னு வெக்காத, சாண்ட்விச் கட்டிக்கிட்டு வரேன்.

— டெமாய்ன்ல எறங்காத நடீன், அதே எண்பதாம் நம்பர் ரோட்டுலயே இன்னும் அஞ்சு மணி நேரம் ஓட்டு. சிகாகோல பெரிய லீக் மைதானத்து வாசல்ல உன் பேருக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வெச்சிருப்பாங்க. நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்கு உன் புருஷன் அங்க பந்து போடறான்.